கற்பூரத்தை அணைத்த கை

மொட்டைப்பொத்தையில் பாதி ஏறுவதற்குள் அம்மார் உட்கார்ந்துவிட்டான். கீழே இருந்து பார்க்கிறவர்களுக்கு அது சின்னக் குன்று. வெயில் ஏறிய பாறையில் கால் வைத்தவனுக்குத்தான் அதன் உண்மையான உயரம் தெரியும்.

“ஏலே, எந்திரி. பின்னால வார பொம்பளையே நிக்காம ஏறுதா,” என்றார் ஆவுடைநாயகம்.

“அவுகளுக்குள்ள கோவம் இருக்கு அண்ணாச்சி, ஏறுதாக. எனக்குள்ள காலையில தின்ன இட்லிதான் இருக்கு.”

அம்மார் மேலப்பாளையத்துக்காரன். வயது முப்பதைத் தாண்டிவிட்டது, வாய் மட்டும் இன்னும் பள்ளிக்கூடத்தைத் தாண்டவில்லை. பாளையங்கோட்டையில் துப்பறியும் நிலையம் நடத்தும் ஆவுடைநாயகத்திடம் காரோட்டியாகச் சேர்ந்து, பேசிப் பேசியே உதவியாளன் ஆனவன். அப்படிப்பட்டவனும் முத்துராணி அவர்களைக் கடந்து மேலே போனபோது வாயை மூடிக்கொண்டான். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு யாராலும் நையாண்டி பேச முடியாது.

முத்துராணி தச்சநல்லூரில் தையல் கடை வைத்திருப்பவள். அம்மா, அப்பா போன பிறகு தம்பி மணிராஜை வளர்த்து ஆளாக்கியது அவள்தான். அந்த மணிராஜுக்கு ஒரே ஒரு கிறுக்கு இருந்தது. லீவு கிடைத்தால் ஏதாவது ஒரு பஸ்ஸில் ஏறி, பெயர் தெரியாத ஊரில் இறங்கி, பழைய கோயிலையும் பாறைச் சிற்பங்களையும் தேடி நடந்துவிடுவான். கூட்டாளி கிடையாது, வழிகாட்டி கிடையாது. எந்த பஸ்ஸில் வர வேண்டும், எந்தப் பனைமரத்தருகே திரும்ப வேண்டும் என்று படத்தோடு இணையத்தில் எழுதிவைப்பான். அதைப் பார்த்துவிட்டுத் தன்னைப் போல நாலு பேர் தனியாக வந்து போக வேண்டும் என்பது அவன் ஆசை.

மணிமுத்தாறு போகிற சாலையை ஒட்டிய இந்தப் பொத்தைக்கு வந்தவன் திரும்பவில்லை. தெற்குச் சரிவின் அடியில் பிணமாகக் கிடந்தான். கால் தவறி விழுந்தான் என்று எழுதிக் கோப்பை மூடிவிட்டார்கள். சாகிற அன்று மாலை அக்காவுக்கு இரண்டு படங்கள் அனுப்பியிருந்தான். இரண்டிலும் மேலே இருக்கும் இசக்கியம்மன் சிலைதான். ஒன்று தை மாதம் முதல் தடவை வந்தபோது எடுத்தது, மற்றது அன்று எடுத்தது. கீழே ஒரே வரி: “யக்கா, வந்து சொல்லுதேன்.”

முத்துராணி அந்தப் படங்களை ஆவுடைநாயகத்தின் மேசையில் வைத்து ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாள். “ஆளைக் கண்டுபிடிச்சா மொதல்ல எம் முன்னால நிறுத்துங்க அண்ணாச்சி. போலீசுக்கு அப்புறம் சொல்லுங்க.” ஆவுடைநாயகம் சரி என்று தலையாட்டினார். அந்தத் தலையாட்டல் அம்மாருக்குப் பிடிக்கவே இல்லை.

“ரெண்டும் ஒரே அம்மாதான அண்ணாச்சி?” என்று இப்போது மறுபடியும் கேட்டான். “ரெண்டாவதுல கன்னத்துல வெயில் கோடு விழுந்திருக்கு. வேற என்ன வித்தியாசம்?”

“சாயங்காலம் எடுத்த படம். கோயில் கெழக்கப் பாத்து இருக்கு. வெயில் எங்கன இருந்துலே வந்துச்சு?”

“அது தெரிஞ்சா நான் பின்சீட்டுல உக்காந்து வருவேன்.”

உச்சியில் செவ்வாய்க்கிழமைக் கூட்டம். பாறை முகப்பில் சமண முனிவர்கள் வரிசையாகக் கண்மூடி உட்கார்ந்திருந்தார்கள். ஆயிரம் வருஷத்துக்கு மேலான சிற்பங்கள் என்று மணிராஜ் எழுதியிருந்தான். ஊர்க்காரர்களுக்கு அவர்கள் பேர் தெரியாது, ஆனாலும் நெற்றிக்குத் திருநீறு பூசிவிட்டிருந்தார்கள். அந்த வரிசை முடிகிற இடத்தில் கம்பிக் கதவு போட்ட சின்னக் கோயில். உள்ளே தனிக்கல்லில் இசக்கி, இடுப்பில் பிள்ளையோடு நின்றாள். இந்தப் பக்கத்தில் போலீசிடம் பொய் சொல்லுவார்கள், கோர்ட்டில் பொய் சொல்லுவார்கள், பொண்டாட்டியிடம் கேட்கவே வேண்டாம். இசக்கியிடம் சொல்ல மாட்டார்கள்.

ஆவுடைநாயகம் அதைத்தான் நம்பி வந்திருந்தார். மணிராஜ் செத்த மாலையில் பொத்தையிலிருந்து இறங்கியவர்கள் இரண்டு பேர் என்று ஆடு மேய்த்தவர்கள் எல்லாரும் ஒரே வாயாகச் சொல்லியிருந்தார்கள். அந்த இரண்டு பேரும் இசக்கி முன்னால் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யட்டும் என்று அவர் சொல்லியனுப்ப, வேடிக்கை பார்க்க ஊரே ஏறி வந்துவிட்டது.

ஒருவன் கணேஷ்ராம். வெளியூர் ஆட்களை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து சிற்பங்களைக் காட்டிப் பிழைக்கிறவன். ‘நீ வழியெல்லாம் எழுதிப் போட்டா எவன்லே என் ஆட்டோவுல ஏறுவான்’ என்று மணிராஜிடம் அவன் சட்டையைப் பிடித்துச் சண்டை போட்டதை டீக்கடையில் பலர் பார்த்திருக்கிறார்கள். மற்றவர் மகாராஜன். கோயில் அவர் குடும்பப் பொறுப்பு. சாவியும் அவரிடம், பூசையும் அவர்தான். ஊரில் அவர் நடந்துபோனால் உட்கார்ந்திருக்கிறவன் எழுந்து நிற்பான்.

“சத்தியத்துக்கு மின்ன அம்மனுக்குக் கொஞ்சம் எண்ணெய் ஊத்தும் வே,” என்று ஆவுடைநாயகம் கையிலிருந்த நல்லெண்ணெய்ப் புட்டியை நீட்டினார்.

“இப்பல்லாம் எண்ணெய் ஊத்துறதில்ல. தரை வழுக்குதுன்னு நிறுத்தியாச்சு. மஞ்சணை பூசிப் பூ வைக்கதோட சரி.”

“வேண்டுதல். தட்டக் கூடாது.”

கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. மகாராஜன் உள்ளங்கையளவு எண்ணெயைச் சிலையின் தலையில் விட்டுவிட்டு, உடனே பட்டுத்துணியை இழுத்துப் போர்த்தினார். காலடியில் சொட்டிய எண்ணெயை ஆவுடைநாயகம் விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றுவதுபோல் பாவனை காட்டி, தோள்துண்டில் துடைத்துக்கொண்டார். அவருக்கு இத்தனை பக்தி எப்போது வந்தது என்று அம்மார் ஆச்சரியப்பட்டான்.

கல்பீடத்தில் கற்பூரம் ஏற்றப்பட்டது. முதலில் கணேஷ்ராமைக் கூப்பிட்டார்கள். வந்தான். சிலையை நிமிர்ந்து பார்க்கவில்லை. முட்டி இரண்டும் வெளிப்படையாகவே ஆடின.

“நான் பண்ண மாட்டேன் அண்ணாச்சி. அந்தப் பையனை நான் ஒண்ணும் செய்யலை. ஆனா இவ முன்னால சூடன் அணைக்க மாட்டேன். அடிச்சாலும் சரி.”

கூட்டம் இரைந்தது. யாரோ ஒருவன் அவன் பிடரியில் தட்டினான். முத்துராணி ஓர் அடி முன்னால் வைத்தாள்.

மகாராஜன் அவனை ஒதுக்கிவிட்டு வந்தார். சிரித்த முகம். சிலையை நேருக்கு நேர் பார்த்தார். “மணிராஜுங்கிற பையன் மேல எங்கை படலை. பட்டிருந்தா இவ என்னைக் கேக்கட்டும்.” சொல்லிவிட்டு, கொசுவை அடிக்கிற மாதிரி உள்ளங்கையால் கற்பூரத்தை அணைத்தார். பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அதோடு ஊர் தீர்ப்பு எழுதிவிட்டது. கணேஷ்ராமை நாலு பேர் பிடித்து உலுக்க ஆரம்பித்தார்கள். ஆவுடைநாயகம் குறுக்கே புகுந்து அவனைக் கீழே அனுப்பிவைப்பதற்குள் அவன் சட்டைப் பை கிழிந்துவிட்டது.

“வெயில் என்னா போடு போடுது,” என்றார் மகாராஜன். “நம்ம தோட்டம் கீழ்தான் இருக்கு. எளநி குடிச்சிட்டுப் போங்க.”

அவருடைய வாழைத்தோப்பு பொத்தையின் அடியிலேயே, ஆற்று வாய்க்கால் ஓரமாக இருந்தது. கோயிலுக்கு வந்தவர்களில் கொஞ்சம் பேர் பின்னாலேயே வந்து வரப்பில் உட்கார்ந்தார்கள். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. இளநீர் வெட்டி வந்தது. முத்துராணி வாங்கியதைத் தொடாமல் கீழே வைத்தாள்.

“தம்பி, அந்தக் கணேஷ்ராம் வீடு எங்கன இருக்கு?”

அம்மார் அவள் பக்கம் திரும்பினான். “எதுக்குக்கா?”

“எங்கன இருக்குன்னு மட்டும் சொல்லு.”

“பொறு தாயி,” என்றார் ஆவுடைநாயகம்.

“எத்தனை நாளைக்குப் பொறுக்க? அவன் நடுங்குனதை நீங்களும்தான பாத்திய. எந்தம்பி ராத்திரி முச்சூடும் அந்தச் சரிவுல கெடந்திருக்கான். எறும்பு மொய்ச்ச மூஞ்சியத்தான் எனக்குக் காட்டுனாவ. அந்த மூஞ்சிய நான் அவனுக்குக் காட்டணும்.” குரலை அவள் கொஞ்சமும் உயர்த்தவில்லை. அம்மாருக்கு அதுதான் பயமாக இருந்தது. இவளை இப்படியே விட்டால் இருட்டுவதற்குள் கணேஷ்ராம் கதை முடிந்துவிடும்.

ஆவுடைநாயகம் என்னவோ சொன்னார், மோட்டார் சத்தத்தில் காதில் விழவில்லை. “இருங்க, நிறுத்திட்டு வாரேன்,” என்று சைகை காட்டிவிட்டு மகாராஜன் மோட்டார் அறைக்குப் போனார். வாசலில் ரப்பர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். பூட்டைத் திறந்து, தலையைக் குனிந்துகொண்டு உள்ளே நுழைந்து, கதவைப் பைய சாத்தினார்.

வாழ்நாளில் அம்மாரால் ஒரு நக்கலை விழுங்க முடிந்ததில்லை. “பாத்தியளா அண்ணாச்சி. எங்க சித்தப்பா வயக்காட்டுல வெறுங்காலோட வாரவன்கூட சுவிச்சைத் தொட செருப்பைத் தேடி மாட்டிக்கிட்டுத்தான் உள்ள போவான். ஈரத் தரை, கரண்டு தூக்கி எறிஞ்சிரும். இவரு என்னன்னா போட்டிருந்ததைக் கழட்டி வச்சிட்டுப் போறாரு. மோட்டாருக்கு அம்புட்டு மரியாதை.”

ஆவுடைநாயகத்தின் வாய்க்குப் போன இளநீர் பாதியில் நின்றது.

“இன்னொரு தடவை சொல்லுலே.”

“எதை? மோட்டாருக்கு மரியாதைன்னதையா?”

“போதும். நீ இனிமே பின்சீட்டுல உக்காரலாம்.” அவர் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். மோட்டார் நின்றது. மகாராஜன் வெளியே வந்து கதவைச் சாத்திப் பூட்டினார். செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பியபோது எதிரே ஆவுடைநாயகம் நின்றார்.

“ஒரு சின்ன உபகாரம் வே. கூட்டத்துல நீரு சொன்ன வார்த்தை சரியா விளங்கல. இன்னொரு தடவை சத்தியம் பண்ணும்.”

மகாராஜன் சிரித்தார். “அதுக்கென்ன, வாரும். கோயிலுக்குப் போவோம்.”

“கோயிலுக்கு எதுக்கு? இங்கனயே பண்ணும். உம்ம மோட்டார் ரூம் வாசல்ல.”

சட்டைப் பையிலிருந்து கற்பூரத்தை எடுத்து வாசற்படியில் வைத்து ஏற்றினார். வரப்பில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்தார்கள்.

“என்ன வே கோட்டிக்காரத்தனம் இது,” என்றார் மகாராஜன். சிரிப்பு இன்னும் முகத்தில் ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் இரண்டு அடி பின்னால் போயிருந்தார்.

“அதே வார்த்தை. அதே கை. அங்கன கொசு அடிக்க மாதிரி அணைச்சீரே.”

மகாராஜன் கையைத் தூக்கினார். கை கற்பூரத்துக்கு மேலே வந்து நின்றது. கீழே இறங்கவில்லை. 

“எல்லாரும் பாத்துக்கிடுங்க,” என்று ஆவுடைநாயகம் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். “கணேஷ்ராம் பொண்டாட்டி நெறமாசமா இருக்கா. மாசமா இருக்கவளுக்குப் புருஷன் எவனாவது இசக்கி முன்னால சூடன் அணைப்பானா? உண்மையா இருந்தாலும் அணைக்க மாட்டான். பிள்ளைக்கு ஏதாச்சும் ஆயிருமேன்னு பயந்தான். அவனைப் போட்டு அடிச்சிய.”

நாலைந்து பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

“பயந்தவன், அங்கன நிக்கது இசக்கின்னு நம்புனவன். இவரு பயப்படல. இவருக்கு மட்டும் ஏன் பயமில்ல? அங்கன நிக்கது வெறும் கல்லுன்னு இவருக்கு மட்டும்தான் தெரியும்.” தோள்துண்டை உதறிக் காட்டினார். எண்ணெய் துடைத்த இடத்தில் கறுப்பாகச் சாயம் அப்பியிருந்தது. “புதுக் கல்லுக்குக் கறுப்புச் சாயம் பூசி வச்சிருக்காரு. எண்ணெய் பட்டா கரையுது. அதான் எண்ணெய் ஊத்துறதை நிறுத்துனாரு. இது தெரியாம மணிராஜு அன்னைக்குக் கதவு தெறந்திருந்த நேரமா வந்து பக்தியா எண்ணெய் ஊத்தியிருக்கான். கன்னத்துல கோடு கோடா வெளுத்திருக்கு. எங்க அம்மாரு வெயில்னு நெனைச்சது அதைத்தான்.”

“அப்ப எங்க இசக்கி எங்க?” என்று ஒரு பெண் கேட்டாள்.

“எந்த எடத்துக்குள்ள போக இவரு செருப்பைக் கழட்டுதாரோ அங்க.”

அம்மார் மகாராஜனின் இடுப்பிலிருந்து சாவியை உருவினான். அவர் தடுக்கவில்லை. மோட்டாருக்குப் பின்னால், சாக்கு மூட்டைகளுக்கு நடுவே, எண்ணெய் ஏறிக் கறுத்த இசக்கி பிள்ளையோடு நின்றாள். காலடியில் அன்று பறித்த அரளிப்பூ இருந்தது.

மகாராஜன் அப்படியே உட்கார்ந்துவிட்டார். யாரும் கேட்காமலேயே பேச ஆரம்பித்தார்.

“வெளிநாட்டு ஆள் ஒருத்தன் கேட்டான். குடுத்துரலாம்னுதான் எடுத்தேன். அவன் வண்டியோட வந்து நிக்கான், எனக்குத் தூக்கிக் குடுக்கக் கை வரல. திருப்பிக் கொண்டுபோயி வைக்கவும் பயம். அப்பத்தான் அந்தப் பையன் வந்தான். நான் களவாண்டேன்னு அவனுக்குத் தெரியாது. ‘அண்ணாச்சி, ஒங்க இசக்கிய எவனோ மாத்திட்டான், பதறாதிய, எங்கிட்ட பழைய படம் இருக்கு, நான் கூட வந்து போலீசுல சொல்லுதேன்’ன்னான். எனக்கு ஒதவுதானாம்.” மூச்சு வாங்கினார். “சரிவுப் பக்கமா கூட்டிட்டுப் போயித் தள்ளிட்டேன்.”

 முத்துராணி மோட்டார் அறைக்குள் போனாள். வெளியே வந்தபோது வாழைத்தார் வெட்டுகிற அரிவாள் அவள் கையில் இருந்தது.

அம்மார் பாய்ந்தான். ஆவுடைநாயகம் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

“விடுங்க அண்ணாச்சி. கொலையாயிரும்.”

“வாக்குக் குடுத்திருக்கேன்லே.”

அம்மாருக்கு அந்த நிமிஷம் அவர் மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. என்ன பெரிய வாக்கு. ஒரு பெண்ணைக் கொலைகாரியாக்கிவிட்டுக் காப்பாற்றுகிற வாக்கு.

மகாராஜன் அவளைப் பார்த்தார். எழுந்து ஓடுவார் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவர் துண்டை எடுத்துப் போட்டுவிட்டுக் கழுத்தைக் குனிந்து காட்டினார். “வெட்டு தாயி. ஒரே போடாப் போடு.”

அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். இதைத்தான் இவன் விரும்புகிறான் என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. ஒரே வெட்டில் எல்லாம் முடிந்துவிடும். அவள் அரிவாளைக் கீழே போட்டாள். அம்மார் நிம்மதியாக மூச்சு விட்டான்.

முத்துராணி கொண்டையை அவிழ்த்துவிட்டாள். திறந்த கதவு வழியாக இசக்கியைப் பார்த்தாள். பிறகு குனிந்து, இரண்டு கையாலும் மண்ணை வாரினாள்.

பெண்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பின்னால் ஓடினார்கள். வயிறு எரிந்தவள் இசக்கி முன்னால் மண்ணை வாரித் தூற்றிச் சாபம் விட்டால் அந்த வம்சத்துக்கு என்ன ஆகும் என்று அந்த ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

“மண்ணை வாராத,” என்று மகாராஜன் அலறினார். “தாயி, அருவாள எடு. வெட்டிப் போடு. மண்ணு மட்டும் வேண்டாம். எம்பிள்ளைய, பேரம்பேத்தி...”

“உம்பிள்ளைகளுக்கு ஒண்ணும் வேண்டாம். எந்தம்பியும் ஒரு பிள்ளைதான். இது உனக்கு மட்டும்.” முதல் பிடி மண் அவர் தலையில் விழுந்தது. “போலீசு உன்னைப் பிடிக்கும், விடும். அது அவிய சோலி. நீ தின்னுத சோத்துலயெல்லாம் இந்த மண்ணு கெடக்கணும்.” இரண்டாவது பிடி முகத்தில் விழுந்தது. “கண்ணை மூடுனா எந்தம்பி வந்து அண்ணாச்சின்னு கூப்பிடணும். ஒதவி பண்ணுதேன்னு சொல்லணும். தெனமும் சொல்லணும்.”

ஆவுடைநாயகம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.  அரிவாளைப் போய்ப் பெரிதாக நினைத்துப் பயந்ததை எண்ணி அம்மாருக்கு வெட்கமாக இருந்தது.

மூன்றாவது பிடியை அவள் உடனே எறியவில்லை. கையில் வைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, அவருக்கும் இசக்கிக்கும் மட்டும் சொல்வதுபோலச் சொன்னாள்.

“சாவு வரணும்னு நீ கேப்ப. அது மட்டும் உனக்கு வெரசா வரக் கூடாது.”

மண் விழுந்தது. மகாராஜன் முழங்காலால் நகர்ந்து, அரிவாளைத் தேடியெடுத்து, இரண்டு கையாலும் அவள் காலடியில் வைத்தார். முத்துராணி அதைத் தாண்டி, தம்பி விழுந்து கிடந்த சரிவைப் பார்த்து நடந்தாள்.